சத்தத்துக்கு 1,500 ரூபாய், டம்ளருக்கு 400

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் இடுப்புவலிக்கு நான் போன பிசியோதெரபி க்ளினிக் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. குறுக்கு பிடித்தவர்களும் முட்டிவலிக்காரர்களும் வந்து போகிற இடத்தை 19 படிக்கு மேலே கொண்டுபோய் வைத்தவருக்கு வாழ்க்கையில் ஒருநாளும் குறுக்கு பிடித்ததில்லை போலிருக்கிறது. கீழே மருந்துக்கடை, பக்கத்தில் பரோட்டாக் கடை. சாயங்காலம் போனால் சால்னா வாசத்தோடுதான் உடற்பயிற்சி செய்ய வேண்டும். இந்த இரண்டு குறையையும் தாண்டி நாலு மாதம் அங்கே போய் வந்தேன்.

நான் மதுரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.இ.டி. டீச்சர். வயது 41. கல்லூரியில் வாலிபால் டீமில் செட்டர். இந்த ஜனவரியில் ஸ்போர்ட்ஸ் டேக்காக 200 மீட்டர் ட்ராக் போட்டோம், 6 லேன். கயிற்றைப் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகள் இருந்தார்கள். சுண்ணாம்புத் தூளை டப்பாவில் அள்ளிக் குனிந்தபடியே கோடு போட்டது நான்தான், இரண்டு நாள் முழுக்க. மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கும்போது ஒரு தும்மல். இடுப்பிலிருந்து இடது கெண்டைக்கால் வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி இழுத்தது. வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வாயில் இருந்த பேஸ்ட்டைத் துப்பக்கூடக் குனிய முடியவில்லை.

வீட்டு வைத்தியம் ஒரு வாரம் நடந்தது. மூசாம்பரம் பற்று, நொச்சி இலை ஒத்தடம். அப்புறம் பெரியம்மா பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பையனைக் கூட்டிவந்தார். ஏழாம் வகுப்பு படிக்கிறான். பிறக்கும்போது கால் முதலில் வந்தவனாம், அவன் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. "நல்லா அழுத்தி மூணு தடவ மிதிடா, அது ஒண்ணும் சொல்லாது" என்கிறார் பெரியம்மா. அவனோ டீச்சரை எப்படி மிதிப்பது என்று பயந்து, பெருவிரலால் இடுப்பைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டான். சிரித்த சிரிப்பில் எனக்கு வலி கூடியதுதான் மிச்சம்.

இந்த நேரத்தில்தான் போனில் அந்த ரீல்ஸ் வர ஆரம்பித்தன. மேசையில் ஒருவரைப் படுக்க வைத்து, கழுத்தைத் திருப்பி, ஒரு வெட்டு. டக், டக், டக். படுத்திருந்தவர் முகம் மலர எழுந்து உட்காருகிறார். கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் தள்ளிவிடும் வைத்தியம். நானும் போனேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை. சென்டர் பளபளவென்று இருந்தது, ஏசி, சுவரில் ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு, கூடவே வீடியோ எடுக்க ஒரு பையன். என் வீடியோ வேண்டாம் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. வலி எப்படி வந்தது என்று கேட்டதும் முதுகைத் தடவிப் பார்த்ததும் சேர்த்து ஐந்து நிமிடம் இருக்கும். "எலும்பு லேசா விலகியிருக்கு மேடம், தள்ளி விட்டா சரியாயிடும்" என்றார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல்காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் தள்ளினார். நாலைந்து சத்தம் கேட்டது.

பொய் சொல்லக் கூடாது, எழுந்தபோது சொர்க்கமாக இருந்தது. ஸ்கூட்டியில் ஏறி, போகிற வழியில் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்தச் சொர்க்கம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் பழைய கரண்ட் திரும்பவும் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுபடி போனேன், மறுபடி 1,500. இந்தத் தடவை இடுப்பு முடிந்ததும் ஒரு வார்த்தை கேட்காமல் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று திருப்பினார். "கழுத்துல எனக்கு ஒண்ணும் இல்லையே சார்?" என்றேன். "ஃபுல் பாடி அலைன்மென்ட்" என்றார். எனக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். கழுத்தெலும்புக்குள் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஓடுகிறது. அப்படித் திருப்பும்போது அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம் என்றாலும், நடந்தது உண்டு. கேட்டுவிட்டு, ஆபத்தைச் சொல்லிவிட்டுத் தொட வேண்டிய இடம் அது. அதோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். பத்து சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதது என் அதிர்ஷ்டம்.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாட்டி திருஷ்டி கழிக்கும்போது இரண்டு கையாலும் நம் கன்னத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் விரல்களை வைத்து நெட்டி முறிப்பார். எத்தனை சத்தம் வருகிறதோ அத்தனை கண் பட்டிருக்கிறது என்று கணக்கு. மேசை மேல் நானும் அதே கணக்கைத்தான் போட்டிருக்கிறேன், சத்தம் கூடினால் குணம் கூடும் என்று. உண்மையில் அது எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தமே இல்லை. மூட்டுக்குள் வழவழப்பாக ஒரு திரவம் இருக்கிறது. மூட்டை இழுத்ததும் அதில் வாயுக்குமிழ் உண்டாகிறது, சத்தம் அப்போது வருவது. 2015-இல் கனடாவில் ஒருவரின் விரல்களை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள்ளேயே சொடுக்கெடுத்து இதைப் படம் பிடித்தார்கள். அமெரிக்காவில் டொனால்ட் உங்கர் என்ற டாக்டர் 60 வருடத்துக்கு மேல் தன் இடதுகை விரல்களை மட்டும் சொடுக்கெடுத்து, இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை என்று காட்டி 2009-இல் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தருவது) வாங்கினார். ஆக, சத்தத்தால் கெடுதலும் இல்லை, சத்தமே வைத்தியமும் இல்லை.

அதற்காகக் கைரோபிராக்டிக்கே ஏமாற்று வேலை என்று எழுத மாட்டேன். 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பால்மர் தொடங்கியது. முதுகெலும்பு விலகுவதால்தான் பெரும்பாலான நோய் வருகிறது என்று அவர் சொன்ன தத்துவம் நிற்கவில்லை. ஆனால் நாள்பட்ட இடுப்புவலிக்கு 2023-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதுகெலும்பைக் கையால் தள்ளிவிடும் சிகிச்சைக்கு இடம் இருக்கிறது, உடற்பயிற்சியோடு ஒன்றாக. அமெரிக்காவில் கைரோபிராக்டிக் தனிப் பட்டம், லைசென்ஸ் வாங்கித்தான் தொழில் செய்ய முடியும். நம் நாட்டில் இதற்கென்று தனிக் கவுன்சில் இல்லை. வார இறுதியில் வகுப்புக்குப் போனவரும் அதே போர்டைத்தான் மாட்டுகிறார். என்ன படித்தீர்கள் என்று வாய்விட்டுக் கேட்பதைத் தவிர நமக்கு வேறு வழியில்லை.

இனி மாடி க்ளினிக். இது ரீஹேப் சென்டர், பயிற்சி கொடுத்து உடம்பைப் பழையபடி கொண்டுவருகிற இடம். பிசியோதெரபி படித்த ஒரு பெண், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். முதல் நாள் மேசையில் ஏற்றவே இல்லை. முக்கால் மணி நேரம் கேள்வி. எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, உட்கார்ந்தாலா நடந்தாலா, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா. "யூரின் போறதுல சிரமம் இருக்கா டீச்சர்? வண்டி சீட்ல உக்காருற இடம் மரத்துப்போன மாதிரி இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "என்னைக்காவது அப்படி ஆச்சுன்னா எனக்கு போன் பண்ணிட்டு இருக்காதீங்க. நேரா பெரியாஸ்பத்திரிதான்." முதுகெலும்பின் அடியில் இருக்கும் நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளமாம் அது, சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம். முதல் இடத்தில் இதை யாரும் கேட்கவில்லை.

பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து இடதுகாலை நீட்டியபடி தூக்கினார். பாதி உயரம்கூடப் போகவில்லை, கெண்டைக்காலில் சுண்டி இழுத்தது. கால் கட்டைவிரலை நான் மேலே தூக்க, அவர் ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினார். எந்த நரம்பு, எந்த மட்டம் என்பதை இப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

நான் பெருமையோடு எம்.ஆர்.ஐ. கவரை எடுத்து நீட்டினேன். 6,000 ரூபாய் கொடுத்து நானாகவே எடுத்தது. அதில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருப்பது) என்று இரண்டு இடத்தில் இருந்ததைப் படித்துவிட்டு மூன்று ராத்திரி தூங்கவில்லை. அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "உங்க ஸ்டாஃப் ரூம்ல உங்க வயசுக்காரங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். எட்டு என்றேன். "எட்டு பேரையும் ஸ்கேன் எடுத்தா நாலு பேருக்கு இது இருக்கும். வலியே இருக்காது." பிறகு வீட்டில் தேடிப் படித்தேன். வலி இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வந்த ஆய்வு ஒன்றில் 40 வயதில் 50 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருக்கிறது, 80 வயதில் 84 சதவீதம். 'ஜவ்வு விலகிவிட்டது' என்று நாம் கிலி பிடித்து அலைவதில் பாதி, நரைமுடியைப் பார்த்துப் பயப்படுவது போலத்தான்.

அன்று கொடுத்த பயிற்சி ஒன்றே ஒன்று. குப்புறப் படுத்து, கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு மேல் உடம்பை மட்டும் தூக்குவது. பத்துத் தடவை. "இது புஜங்காசனம், நான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர்றதுதான்" என்றேன் கொஞ்சம் இளக்காரமாக. "சரி, பண்ணிட்டு வலி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க." ஏழாவது தடவை குறுக்கில் வலி கூடியது. "கூடுது டாக்டர்" என்று கத்தினேன். "கால்ல?" என்றார். காலைக் கவனித்தேன். கெண்டையில் இல்லை. தொடையோடு நின்றிருந்தது. வலி கீழிருந்து மேலே ஏறி நடுவுக்கு வருவது நல்ல அறிகுறி, நடுவில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. கீழே இறங்கினால்தான் உடனே நிறுத்த வேண்டும். இந்த ஒரு பாடத்துக்காகவே நான் ஐந்து ஸ்டார் கொடுப்பேன். அதுவரை வலியென்றால் கூடியதா குறைந்ததா என்று மட்டும்தான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

இந்தப் பயிற்சி பிறந்ததே ஒரு கவனக்குறைவில். 1956-இல் நியூஸிலாந்தில் ராபின் மெக்கென்ஸி என்ற பிசியோ, கால்வலி நோயாளி ஒருவரை உள்ளே போய்க் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார். முன்னால் வந்த ஆளுக்காக மேசையின் தலைமாடு உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அதை யாரும் இறக்கவில்லை. நோயாளி முதுகு வளைய அப்படியே படுத்துக் கிடக்க, வந்து பார்த்த மெக்கென்ஸிக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். நோயாளியோ பல வாரத்தில் இத்தனை சுகமாக இருந்ததில்லை என்றாராம். எல்லா இடுப்புவலிக்கும் இது பொருந்தாது. முன்னால் குனிந்தால் சுகமாகிறவர்களும் உண்டு. என் பக்கத்துக் கட்டிலில் வந்துகொண்டிருந்த 68 வயது அம்மாவுக்கு நேர் எதிரான பயிற்சி. யூடியூபைப் பார்த்து நானே செய்துகொள்கிறேன் என்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது வாரம் டம்ளர் வந்தது. முட்டி போட்டு, கையை ஊன்றி, குதிரை மாதிரி நிற்க வேண்டும். வலது கையும் இடது காலும் நீட்ட வேண்டும். இது எனக்குத் தெரிந்ததுதான், என் வார்ம்-அப்பில் இருக்கிறது. நீட்டினேன். அவர் பேசாமல் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் கொண்டுவந்து என் இடுப்புக்கு மேல் வைத்தார். "இப்ப பண்ணுங்க டீச்சர்." காலைத் தூக்கினதும் டம்ளர் உருண்டது, தண்ணீர் முதுகெல்லாம் ஓடியது. பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன், காலோடு சேர்த்து இடுப்பையும் நான் திருப்பிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. டம்ளர் அசையாமல் பத்து எண்ணும்வரை நிற்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. சிட்டிங்குக்கு 400 ரூபாய். வேலை முழுக்க என்னுடையது, அவர் தொட்டதே குறைவு. ஆரம்பத்தில் இது எனக்கு நஷ்டக் கணக்காகத்தான் பட்டது.

ஒரு வாரம் வீட்டில் செய்யாமல் போனேன், தேர்வு வேலை. படுத்ததும் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஹோம்வொர்க் பண்ணலையா டீச்சர்?" என்றார். நேரமில்லை என்று இழுத்தேன். என் பிள்ளைகள் என்னிடம் சொல்கிற அதே குரல். பக்கத்துக் கட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

படியைக் குறை சொன்னேன் அல்லவா, அந்தப் படிக்கும் ஒரு உபயோகம் இருந்தது. போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் ஒரு தம்பி, 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், குதிகாலுக்கு மேலே கெண்டைத்தசையை எலும்போடு இணைக்கும் நாண் வீங்கி ஓட முடியாமல் வந்திருந்தான். அவனுக்கு மேலிருந்து மூன்றாவது படிதான் கட்டில். விளிம்பில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முட்டியை நீட்டி 15 தடவையாக மூன்று செட், மடக்கி மூன்று செட், காலையிலும் மாலையிலும். நாளுக்கு 180, ஞாயிறு லீவு கிடையாது, 12 வாரம். ஸ்வீடன்காரர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட முறை. அவன் பாதியை அங்கேயே முடிப்பான். ஏறுகிறவர்கள் எல்லாரும் அவனைச் சுற்றித்தான் ஏற வேண்டும். "எத்தனைப்பா?" என்று ஆளாளுக்குக் கேட்டு அவனுக்குக் கணக்குத் தப்பும். "அக்கா, தயவுசெஞ்சு கேக்காதீங்க" என்று கெஞ்சுவான்.

நான் போய்க்கொண்டிருந்த போதே எங்கள் கபடி டீம் ரெய்டர் ஒருத்தியையும் அழைத்துப் போனேன். ஒரே கணுக்கால், ஒரே வருடத்தில் மூன்றாவது சுளுக்கு. பிசியோ அவளை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். நாலு நொடியில் சாய்ந்துவிட்டாள். நல்ல காலில் இருபதுக்கு மேல் நின்றாள். சுளுக்கும்போது தசைநார் மட்டும் அடிபடுவதில்லை, கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிடுகிறது. வீக்கம் வற்றி, வலி போன பிறகும் அது திரும்புவதில்லை, பழக்கித்தான் கொண்டுவர வேண்டும். "முதல் ரெண்டு தடவை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். ஸ்ப்ரே அடித்து, க்ரேப் பேண்டேஜ் சுற்றி, பத்தாம் நாள் நான்தான் களத்தில் இறக்கிவிட்டேன். ஜோனல் மேட்ச் அது. அந்தக் கேள்விக்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.

அவளுக்கு ஆறு வாரம். தலையணை மேல் ஒற்றைக்கால், அதன்மேல் நின்றுகொண்டு பந்து பிடிப்பது, பிறகு குதிப்பது, கடைசியாகத் திசை மாறி ஓடுவது. ஒற்றைக்காலில் தாவி எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து, நல்ல காலின் அளவில் பத்தில் ஒன்பது பங்காவது வந்த பிறகுதான் ஆட விட்டார். இப்போது என் ஆபீஸ் ரூமில் டேப் இருக்கிறது. ஸ்ப்ரேயை ஒளித்து வைத்திருக்கிறேன்.

குறைகளும் எழுத வேண்டும். பிசியோவுக்குக் கீழே இருக்கும் உதவியாளர்கள் வந்த எல்லாருக்கும் அல்ட்ராசவுண்ட் (ஸ்கேன் இல்லை, வலிக்கென்று ஒலி அலை கொடுக்கும் எந்திரம்) தேய்க்கிறார்கள், அதற்குத் தனியாக 150. மேலே சொன்ன அதே 2023 வழிகாட்டுதல் நாள்பட்ட இடுப்புவலிக்கு இதைத் தர வேண்டாம் என்கிறது, இடுப்பு பெல்ட்டையும் சேர்த்துத்தான். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்டால் நிறுத்திவிடுகிறார்கள், கேட்காதவர்களுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. "எந்திரம் வைக்கலைன்னா சிலர் வைத்தியமே பாக்கலைன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க டீச்சர்" என்றார் பிசியோ. உண்மையாக இருக்கலாம். அதற்காகப் பில்லில் ஏற்றுவது நியாயமில்லை. பயிற்சித் தாள் முழுக்க ஆங்கிலத்தில். பக்கத்துக் கட்டில் அம்மா அதை மடித்து மல்லிகைப்பூ கட்டி எடுத்துப் போனதை நானே பார்த்தேன். நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன், நாலு பக்கம், குச்சி மனிதப் படத்தோடு. இப்போது அதைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள், படம் சுமார்தான்.

மொத்தம் 14 சிட்டிங், நாலு மாதத்தில். முதலில் வாரம் இரண்டு, பிறகு ஒன்று, கடைசியில் மாதம் ஒன்று. வராதீர்கள், தேவைப்பட்டால் போன் செய்யுங்கள் என்று அவர்களே சொல்லி அனுப்பினார்கள், பேக்கேஜ் எதுவும் நீட்டவில்லை. கெண்டைக்காலில் இழுப்பு ஆறாவது வாரத்தோடு போனது. குறுக்கில் காலையில் கொஞ்சம் விறைப்பு இன்னும் உண்டு, பத்துப் புஜங்காசனத்தில் விட்டுவிடுகிறது. வாலிபாலில் சர்வீஸ் போடுகிறேன். ஜம்ப் சர்வீஸ் இன்னும் தொடவில்லை.

போகிறவர்களுக்கு: காலை 7 மணி ஸ்லாட் கேளுங்கள், பிசியோ நேரடியாகப் பார்ப்பார், மாலையில் கூட்டம், உதவியாளர்தான். வண்டியை மருந்துக்கடை முன்னால் நிறுத்தாதீர்கள், கடைக்காரர் காற்றைப் பிடுங்கி விடுவார். பழைய ஸ்கேன் இருந்தால் கொண்டுபோங்கள், புதிதாக எடுக்காதீர்கள். பெண்கள் சேலையில் போக வேண்டாம், நான் முதல் நாள் சேலையில் போய்விட்டு, கீழே பரோட்டாக் கடைக்காரர் மகளிடம் நைட் பேண்ட் இரவல் வாங்கிக்கொண்டு மறுபடியும் 19 படி ஏறினேன்.